நாலை ஆறாக்கிய கை

ஓசிடி இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதற்குக் கொம்பனிக்காரர் வந்து இரண்டு நாள் வகுப்பு எடுப்பார்கள், இடையில் தேநீரும் பற்றீசும் தருவார்கள். ஓய்வுபெற்று வீட்டில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் வந்து, கண் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த எங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் என் கெட்டித்தனத்தைப் பற்றி அல்ல. கெட்டித்தனம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததைப் பற்றி.

வன்னியில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரிக்கு, விழித்திரையைப் படம் எடுக்கும் இந்த ஓசிடி இயந்திரம் வந்த புதிதில் அதற்கு ஒரு குளிரூட்டிய அறையும் ஒரு பூட்டும் தந்தார்கள். சாவி என்னிடம். நோயாளி நாடியை, அதாவது மோவாயை, அதன் தட்டில் வைத்து, உள்ளே தெரியும் பச்சைச் சிலுவையைப் பார்க்கவேண்டும். இயந்திரம் கண்ணுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து, பின்னால் இருக்கும் நரம்புப் படை எவ்வளவு தடிப்பு என்று அளந்து சொல்லும். அளவோடு பத்துக்கு ஒரு புள்ளியும் போடும். வெளிச்சம் நன்றாகப் போய்த் திரும்பினால் எட்டு, ஒன்பது. ஆறுக்குக் கீழே வந்தால் அந்தப் படத்தை நம்பக்கூடாது, திரும்ப எடுக்கவேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

அந்த ஆறைத் தொடுவதில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். கண் காய்ந்திருந்தால் ஒரு சொட்டுத் துளி மருந்து. இமை சரிந்தால் விரலால் மெல்லத் தூக்கிப் பிடிப்பது. கருமணியின் ஒரு பக்கம் மங்கலாக இருந்தால், இயந்திரத்தை ஒரு மயிரிழை அந்தப்பக்கம் இந்தப்பக்கம் தள்ளி, தெளிவான இடுக்கைத் தேடி வெளிச்சத்தை நுழைப்பது. மூன்று வரும், நாலு வரும், ஐந்து வரும். நான் விடமாட்டேன். ஆறு வந்ததும் சட்டென்று பிடித்துவிடுவேன். பிறகு மற்றப் படங்களை எல்லாம் அழித்துவிடுவேன், டொக்டருக்கு எதற்குக் குழப்பம் என்று. "மிஸ்ஸுக்கு நல்ல கைராசி" என்று சனம் சொல்லும். எனக்கும் அது பிடித்திருந்தது.

வெறும் பெருமை மட்டும் என்று சொன்னால் என்மேல் நானே அநியாயம் செய்தவள் ஆவேன். ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு அம்மா வந்துபோய்க்கொண்டிருந்தார். படம் சரியாக விழவில்லை என்று முதல் தரம் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தரமும் அதே கதை. அன்று அவருக்குக் கடைசி பஸ்ஸும் தவறிப்போய், தெரிந்தவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். வயலில் கதிர் முற்றி நின்ற நேரம். காவலுக்கு ஆளில்லாத அந்த ஒரு நாளில் யானை இறங்கிவிட்டது. மூன்றாம் தரம் வந்தபோது இதைச் சொல்லிவிட்டு, "பரவாயில்லை மிஸ், யானைக்கும் பசிதானே" என்று கதிரையை இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்து நாடியை வைத்தார். இனி ஒருவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் முடிவெடுத்தேன்.

இப்போது செபமாலை ஐயாவிடம் வருகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் சிறிய எஞ்சின் படகு வைத்துத் தொழில் செய்தவர். வயது அறுபத்தைந்துக்கு மேல். இளவயதில் தூண்டில் முள் பட்டு இடது கண் போய்விட்டது. மிஞ்சியிருந்தது வலது கண் ஒன்றுதான். அதிலும் வெண்புரை வந்து, அதை எடுத்து லென்ஸ் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒப்பரேசன் செய்த கையோடு நன்றாகத் தெரிந்த கண், கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது என்று வந்தார். கூட மனைவி திரேசம்மா. இரண்டு பஸ் மாறி, விடியப் புறப்பட்டு வந்திருந்தார்கள். கண்ணின் அழுத்தம் சற்றுக் கூட இருந்ததால் டொக்டர் நரம்பைப் படம் எடுக்க அனுப்பினா.

எங்கள் டொக்டர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்தில் இரண்டு நாள் வந்துபோவா. கதை குறைவு, கை வேகம். வரிசை வாசல் தாண்டி மரத்தடி வரைக்கும் நிற்கும். அத்தனை பேரையும் பார்த்துவிட்டுத்தான் எழும்புவா.

முதல் நாள் செபமாலை ஐயாவுக்கு ஆறு தரம் எடுத்தேன். நாலிலும் ஐந்திலும் நின்றது. "திரும்ப வரவேணுமோ மிஸ்?" என்று திரேசம்மா கேட்டா. "தேவையில்லை அம்மா, நான் எடுத்துத் தாறன்" என்றேன். ஏழாம் தரம் ஆறு விழுந்தது. றிப்போட்டில் நரம்புப் படை மெலிவு என்று சிவப்பு நிறம். டொக்டர் க்ளுக்கோமா, கண் அழுத்தத்தால் நரம்பு சாகும் வருத்தம், என்று துளி மருந்து எழுதினா. நாலு மாதம் கழித்து வந்தபோது நான் இன்னும் கூடப் பாடுபட்டு இன்னொரு ஆறு எடுத்துக்கொடுத்தேன். அதில் நரம்பு முன்னையைவிட மெலிவு. மருந்துக்கும் நிற்கவில்லை, அழுத்தத்தைக் குறைக்க ஒப்பரேசன் தேவைப்படலாம், போன பார்வை திரும்பாது என்று டொக்டர் சொன்னா. இன்னொரு படம் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், தவணை கொடுத்தா.

அந்த மூன்றாவது நாள் அவர் என் அறைக்குள் வந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். மனைவியின் தோளில் ஒரு கை. கண் இரண்டும் இறுக்க மூடியிருந்தது. மற்றக் கையால் கதவுநிலையைத் தடவி, மேசையைத் தடவி, கதிரையின் முதுகைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"ஐயா, கண் நோகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். பழகுறன்."

எனக்கு விளங்கவில்லை. திரேசம்மாதான் சொன்னா.

"போன முறை டொக்டர் அம்மா சொன்ன நாள் தொடங்கி இப்பிடித்தான். கண் இருக்கேக்கையே பழகினால் பிறகு எனக்குக் கரைச்சல் குடுக்கத் தேவையில்லையாம். படகை மருமகனிட்ட விட்டிட்டார். வீட்டு வாசலில இருந்து கிணத்தடிக்கு ஒரு கயிறு, கக்கூசுக்கு ஒரு கயிறு, எல்லாம் பழைய வலைக்கயிறு, தானே கட்டினவர். கிணத்துக் கயிறில ஒரு முடிச்சு, மற்றதில ரெண்டு முடிச்சு. விடிஞ்சால் கண்ணை மூடிக்கொண்டு அதில நடக்கிறது. நான் முன்னால நிண்டு எத்தினை அடி எண்டு எண்ணவேணும்."

"நாப்பத்திரண்டு" என்றார் ஐயா, கண்ணை மூடியபடியே. "கிணத்தடிக்கு. இப்ப முட்டாமல் போறன்."

அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். நான் பக்கத்து அலுமாரியில் ஏதோ தேடுவதுபோலத் திரும்பி நின்றேன். இத்தனை வருடத்தில் பார்வை போனவர்களைப் பார்த்திருக்கிறேன், போகப்போகிறது என்று கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனிதர் தன் இருட்டுக்கு ஒத்திகை பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

நாடியை வைக்கச் சொன்னேன். கண்ணைத் திறந்தார். முதல் படம் மூன்று. இரண்டாவது நாலு. நான் என் வித்தைகளைத் தொடங்கினேன். துளி மருந்து, இமை, அந்தப்பக்கம், இந்தப்பக்கம். பேச்சுக்குப் பேச்சாக, "வீட்டில எப்பிடி ஐயா, அறவே தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை மிஸ்" என்று திரேசம்மா இடையில் வந்தா. "விடிய கடலுக்கு முன்னால நிண்டால் சூரியன் நேரா முகத்தில அடிக்கும், அப்ப இவருக்கு ஒண்டும் தெரியாது, எல்லாம் வெள்ளைப் புகையாம். பின்னேரம் சூரியன் முதுகுப் பக்கம் போனாப் பிறகு, மருமகன்ர வலையை மடியில போட்டு எங்கெங்க ஓட்டை எண்டு ஒண்டு விடாமல் சொல்லுவார். நரம்பு செத்தால் அப்பிடியோ மிஸ், பின்னேரத்தில உசிர் வருமோ?"

கேள்வியைக் கேட்டுவிட்டு அவ சாதாரணமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டா. என் கை இயந்திரத்தின் மேலே அப்படியே நின்றது.

நரம்பு செத்தால் அப்படி இல்லை. காலையில் போய்ப் பின்னேரத்தில் வருவது நரம்பின் குணம் அல்ல. வெளிச்சம் முகத்தில் அடித்தால் புகை, முதுகில் அடித்தால் தெளிவு என்றால், அது அழுக்குப் பிடித்த பஸ் கண்ணாடியின் குணம்.

ஐந்து வந்தது. பிறகு ஆறும் வந்தது. பழக்கத்தில் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது. அன்றைக்கு விரலை எடுத்துவிட்டேன். முதல் தடவையாக நாலு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று புள்ளி வந்த படத்தில் நரம்பு மிக மெலிவு. நாலில் சற்றுத் தடிப்பு. ஐந்தில் இன்னும் சற்று. ஆறில் எல்லாவற்றிலும் தடிப்பு. ஒரே கண், ஒரே கதிரை, பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் எந்த நரம்பும் தடிக்காது. மாறியது நரம்பு அல்ல, உள்ளே போய்த் திரும்பிய வெளிச்சம். ஆறிலேயே இப்படி என்றால், மங்கல் எதுவும் இல்லாமல் ஒன்பது வந்தால் இந்த நரம்பு எப்படி இருக்கும்?

உங்களுக்கு இது தெரிந்த விடயம்தான், பரீட்சைக்கும் படித்திருப்பீர்கள். வெண்புரையை எடுத்து லென்ஸ் வைக்கும்போது, அதைத் தாங்குவதற்காகப் பின்பக்கத்து மெல்லிய சவ்வை விட்டுவிடுகிறோம். சிலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடங்களில் அந்தச் சவ்வு மங்குகிறது. அது நரம்பை மெலிய வைப்பதில்லை, மெலிந்ததாகக் காட்டுகிறது. நானும் படித்திருந்தேன். படித்தது என் தலையில் இருந்தது, என் கை அதை ஏமாற்றிக்கொண்டிருந்தது. இயந்திரம் நாலு என்று சொல்லி, முன்னால் ஏதோ மறைக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அதன் வாயைப் பொத்தி ஆறு என்று சொல்ல வைத்தேன்.

வெளியே அன்றைய வரிசை பாதிகூடக் குறையவில்லை. டொக்டர் பின்னேரம் புறப்படவேண்டும். ஐயாவின் வருத்த விபரம் எழுதிய கிளினிக் கொப்பி அவவின் மேசையில் ஏற்கனவே இருந்தது. படம் போனதும் ஒப்பரேசனுக்குக் கடிதம் எழுதிவிடுவா. இருக்கும் ஒரே கண்ணில் ஒப்பரேசன். ஆறை மட்டும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, "டொக்டர், சவ்வையும் ஒருக்கால் பாருங்கோ" என்று பட்டும் படாமலும் சொல்லலாம் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. மறைக்கமாட்டேன், வந்தது. அப்படிச் சொன்னால் என் கைராசியும் தப்பும். ஆனால் அந்த வேகத்தில் அவ என் ஆறைப் பார்ப்பாவா, என் முணுமுணுப்பைக் கேட்பாவா? வெளியே வாங்கில் உட்கார்ந்து ஐயா திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

நாலையும் அச்செடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். உள்ளே இருந்த நோயாளி எழும்பும்வரை நின்று, நாலையும் மேசையில் பரப்பினேன்.

"இது எப்ப எடுத்தது?" என்று கேட்டா.

"இப்பதான் டொக்டர். பத்து நிமிசத்துக்குள்ள."

"நாலும் ஒரே கண்ணோ?"

"ஓம்."

ஒவ்வொன்றாகப் பார்த்தா. பேனையைக் கீழே வைத்தா. "முந்தின ரெண்டு முறையும் ஆறுதானே வந்தது?"

"ஆறு வரேல்லை டொக்டர். நான் வர வைச்சனான். மற்றதுகளை அழிச்சுப்போட்டன்."

அவ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் அந்தச் சவ்வைப் பாத்தனான்" என்றா மெதுவாக. "கொஞ்சம் மங்கல் எண்டு தெரிஞ்சது. ஆறு வந்திருக்கு, அப்ப படத்துக்கு அது தடையில்லை எண்டு விட்டிட்டன். உங்கட ஆறை நம்பினன் மிஸ்."

முப்பது வருட வேலையில் யாரும் என்னை இதைவிடக் கடுமையாக ஏசியதில்லை.

ஐயாவின் கருமணியை விரிக்க மருந்து விட்டு, அரை மணி நேரம் கழித்து டொக்டர் தானே உட்கார்ந்து பார்த்தா. என்னையும் பார்க்கச் சொன்னா. லென்ஸுக்குப் பின்னால், பழைய பொலித்தீன் கசங்கியதுபோல ஒரு படலம். அதில் ஒரு ஓரத்தில் சிறு தெளிவு. நான் தேடித் தேடி வெளிச்சத்தை நுழைத்த இடுக்கு அதுதான். அதன் வழியாகப் போனதால்தான் அந்த ஆறும் வந்திருக்கிறது.

"ஐயா, இப்ப ஒப்பரேசன் இல்லை" என்று டொக்டர் சொன்னா. "லென்ஸுக்குப் பின்னால ஒரு சவ்வு மங்கிப்போச்சு. லேசரால ஒரு சின்ன வாசல் வெட்டினால் சரி. கத்தி இல்லை, நோகாது. நரம்பைப் பிறகு வடிவாப் பாப்பம். படம் சரியா விழேல்லை, அதுதான் இவ்வளவு நாளும் பிழையா நினைச்சிட்டம்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. படம் விழவில்லை என்று, பாவம், இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டா.

செபமாலை ஐயா எழும்பினார். கண் விரிந்திருந்ததால் கூசியது, ஆனாலும் மூடவில்லை. கை மட்டும் பழக்கதோசத்தில் திரேசம்மாவின் தோளுக்குப் போனது.

"இனிக் கையை எடுங்கோவன், ஆக்கள் பாக்கினம்" என்றா அவ.

"இருக்கட்டும்" என்றார் அவர்.

லேசர் அப்போது எங்களிடம் இல்லை. வேறு ஊருக்குப் போய்ச் செய்துகொண்டு, ஒரு மாதம் கழித்து என்னிடம் படத்துக்கு வந்தார்கள். நாடியை வைத்தார். நான் எதையும் தள்ளவில்லை, தூக்கவில்லை. முதல் படத்திலேயே ஒன்பது. நரம்பு பெரும்பாலும் பச்சை, அதாவது சரியான தடிப்பு. கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு மூலையில் மட்டும் உண்மையான மெலிவு இருந்தது, அதற்குத் துளி மருந்து தொடரவேண்டும். ஆனால் அது இந்த மனிதரின் ஆயுளுக்குள் அவரைப் படகில் இருந்து இறக்கும் மெலிவு அல்ல. படகை மருமகனிடம் இருந்து திருப்பி வாங்கியாயிற்றா என்று கேட்டேன். "அவன் தரமாட்டான் எண்டு அடம். இப்ப ரெண்டு பேரும் போறம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு அவர்களை அனுப்பியிருக்கலாம். டொக்டர் மூடிவிட்ட கதையை நான் ஏன் திறக்கவேண்டும்? ஆனால் அந்த மாதம் முழுக்க நான் கண்ணை மூடினால் அந்த மனிதர் கயிற்றைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு இருவருக்கும் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நாலு, ஐந்து, ஆறு, அழித்தது, எல்லாம்.

ஐயா தரையைப் பார்த்தபடி இருந்தார். திரேசம்மாவின் முகம் மாறியது.

"ஆறு கிழமை" என்றா. "இவர் கயிறைப் பிடிச்சு நடக்க நான் முன்னால நிண்டு அடி எண்ணினன் மிஸ். சிரிச்சுக்கொண்டு எண்ணுவன். பிறகு குசினிக்குள்ள போய் அடுப்பை ஊதுறமாதிரி அழுவன். ஏன் மிஸ் அப்பிடிச் செய்தனீங்கள்?"

பதிலாக என்னிடம் இருந்தது ஒன்றுதான். "ரெண்டு பஸ் மாறி வாறியள். திரும்ப வரச் சொல்ல மனம் வரேல்லை அம்மா."

அவவின் கோபம் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் போய்விட்டது. கையை நீட்டி என் முழங்காலில் வைத்தா.

இங்கே நான் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். அதற்குப் பிறகு நானும் டொக்டரும் பழைய கொப்பிகளை எல்லாம் எடுத்து, வெண்புரை ஒப்பரேசன் செய்தவர்களில் ஆறு புள்ளியோடு நான் அனுப்பியவர்களைத் தேடி ஒவ்வொருவராகத் திருப்பிக் கூப்பிட்டோம். கண்டாவளையில் இருந்து வந்தார்கள், விசுவமடுவில் இருந்து வந்தார்கள். சிலருக்குச் சவ்வு, சிலருக்கு உண்மையிலேயே நரம்பு. வயல் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர்கூட ஏன் கூப்பிட்டீர்கள் என்று சினக்கவில்லை. குறைந்த புள்ளி வந்தால் அதை எப்படி ஏற்றுவது என்று கேட்காதீர்கள், ஏன் குறைந்தது என்று கேளுங்கள். எடுத்த படம் எதையும் அழிக்காதீர்கள். "படம் நம்பத்தகுந்ததல்ல, சவ்வைப் பார்க்கவும், திரும்ப வரவும்" என்று எழுதக் கை கூசினால், அந்தக் கூச்சம் இரக்கம்போலத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மற்றவர்களின் சிரமத்தை அவர்களைக் கேட்காமலே நாமே அளந்து, அவர்களுக்குப் பதிலாக நாமே முடிவெடுத்துவிடுகிறோம்.

முழங்காலில் கையை வைத்துக்கொண்டு திரேசம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதுவரை மிஸ் என்று கூப்பிட்டவ, அப்போதுதான் முதல் தடவையாகத் தங்கச்சி என்றா.

"தங்கச்சி, சண்டைக்குப் பிறகு நாங்கள் எத்தினை வாசலில எத்தினை வருசம் போய் நிண்ட சனம். வா எண்டு ஒருத்தரும் சொல்லாத இடத்துக்கெல்லாம் போனனாங்கள். நீங்கள் வரச் சொல்லுங்கோ. நாங்கள் வருவம்."